மூக்கு ஸ்பிரேயா, மாத்திரையா, அடுப்படிக்குப் பூட்டா?

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், மிச்சமிருந்த முறுக்கு, அதிரசத்தை எல்லாம் டின்னோடு எதிர்வீட்டு மதினியிடம் கொடுத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து தம்பி போன் பண்ணினான். "எக்கா, சின்னவனுக்கு மூக்குல அடிக்கிற மருந்து வந்திருக்காம்லா, பசியே அடங்கிருமாம், ட்ரையலுக்குப் பிள்ளையள எடுக்காவளாம், நீ கேட்டுப் பாரேன்" என்றான். அவன் அனுப்பியிருந்த செய்தியைத் திறந்தால் அது பழைய செய்தி. அந்தச் சோதனையின் முடிவே வந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, எங்கள் முன்னால் என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு எவ்வளவு விலை, பணத்தில் மட்டும் இல்லாமல் மற்றதிலும், என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என் சின்ன மகனுக்கு இருக்கிற இந்த அடங்காப் பசி வியாதியோடு பிள்ளை வளர்க்கிற யாருக்காவது உதவும் என்று அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் போடுகிறேன்.

சின்னவனுக்கு வயது ஒன்பது. பிராடர்-வில்லி சிண்ட்ரோம். 15ஆவது குரோமோசோமில் அப்பா வழியாக வரவேண்டிய ஒரு பகுதி இல்லாமலோ, இருந்தும் பேசாமலோ போவதால் வருவது. 1956இல் சுவிட்சர்லாந்து டாக்டர்கள் முதலில் விவரித்தார்கள், அதில் இரண்டு பேரின் பெயர்தான் வியாதிக்கு. பெரும்பாலும் தற்செயலாக நடப்பது, கருவுற்றிருந்தபோது நான் பப்பாளி தின்றதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை (இதை என் மாமியாருக்குப் புரியவைக்க நாலு வருஷம் ஆனது). பிறந்தபோது துணி மாதிரி துவண்டு கிடந்தான், பால் உறிஞ்சத் தெம்பில்லை, மூக்கில் குழாய் போட்டுத்தான் பால் கொடுத்தோம். 'இந்தப் பிள்ளை சாப்பிட மாட்டேங்குதே' என்று நெல்லையப்பருக்கு நேர்ந்துகொண்டவள் நான். இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்கிற இடம் 'போதும்' என்று சொல்லவேண்டும், இவனுக்கு அது சொல்வதே இல்லை. வயிறு நிறைந்தாலும் பசிதான். நாம் ஒரு நாள் முழுக்க பட்டினி கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி, சாப்பிட்டு எழுந்த அரைமணி நேரத்தில். போதாததற்கு, இந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு அதே வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டிய கலோரியில் 60 முதல் 80 சதவீதம்தான் தேவை. பசி அதிகம், தேவை குறைவு. அதோடு வாந்தி சுலபத்தில் வராது, வலி தெரிவதும் கம்மி. அளவுக்கு மீறித் தின்று இரைப்பை கிழிந்தே போன பிள்ளைகள் உண்டு. அதனால் இவன் என்றைக்காவது வாந்தி எடுத்தாலோ வயிறு வலிக்கிறது என்றாலோ நாங்கள் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதில்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

சரி, ஸ்பிரேக்கு வருவோம்.

ஸ்பிரேயில் இருப்பது கார்பிடோசின். ஆக்ஸிடோசினைக் கொஞ்சம் மாற்றி, உடம்பில் அதிக நேரம் நிற்கும்படி செய்தது. சிசேரியன் முடிந்தபின் ரத்தப்போக்கை நிறுத்த ஊசியாகப் போடுவது இதைத்தான். ஆக்ஸிடோசின் என்ற பேரைச் சொன்னவுடன் ஆச்சி, "ஏட்டி, அது மாட்டுக்குப் பால் இறங்குததுக்குப் போடுத ஊசில்லா, அதையா பிள்ளைக்கு அடிக்கப் போற" என்று எகிறிவிட்டாள். ஆச்சி சொன்னது தப்பில்லை, அதே ஹார்மோன்தான். பால் இறங்க வைப்பது, பிரசவ வலி வரவைப்பது, அப்புறம் மூளைக்குள் பசியையும் பிறரோடு ஒட்டுதலையும் கொஞ்சம் சரிக்கட்டுவது என்று அதற்குப் பல வேலை. பிராடர்-வில்லி உள்ளவர்களின் மூளையில் ஆக்ஸிடோசின் சுரக்கும் நரம்பணுக்கள் மற்றவர்களைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்ததை 1995இல் ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. பார்த்தது ஐந்து பேரின் மூளையைத்தான், ஆனால் அதிலிருந்துதான் 'குறைவதை மூக்கு வழியாகக் கொடுத்தால் என்ன' என்ற யோசனை வலுத்தது. நியாயமான யோசனை. நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் நியாயமான யோசனை எல்லாம் மருந்தாகிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பெரிய பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆக்ஸிடோசின் ஸ்பிரே கொடுத்துப் பார்த்தார்கள், 2014இல் வந்த முடிவில் பசிக்கு ஒன்றும் நடக்கவில்லை, டோஸ் கூடியபோது கோபம்தான் கூடியது. பிரான்சில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட 18 கைக்குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பால் உறிஞ்சுவது மேம்பட்டது. அது நல்ல சேதி, ஆனால் ஒன்பது வயதுப் பையனின் கதை வேறு. அப்புறம் கார்பிடோசின். 7 முதல் 18 வயதுள்ள பிள்ளைகளுக்குத் தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்னால், 9.6 மில்லிகிராம், 3.2 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் எட்டு வாரம் சோதித்தார்கள். பெரிய அளவில்தான் பலன் தெரியும் என்று எதிர்பார்த்தார்கள், தெரியவில்லை. சின்ன அளவில் கொஞ்சம் தெரிந்தது. அதை வைத்து அனுமதி கேட்டபோது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் மறுத்துவிட்டது. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது, இப்போது இல்லை. ஏனென்றால் அந்தச் சின்ன அளவை மட்டும் வைத்து, 175 பேரிடம், 12 வாரம் மறுபடியும் சோதித்தார்கள். 2025 செப்டம்பரில் முடிவு வந்தது. ஸ்பிரே அடித்தவர்களுக்கும் வெறும் தண்ணீர் மாதிரியான வெற்று ஸ்பிரே அடித்தவர்களுக்கும் பசியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கம்பெனி இனி இதைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. தம்பி அனுப்பிய செய்தி இந்தச் சோதனைக்கு ஆள் எடுத்த காலத்துச் செய்தி.

இதில் ஒன்றை உற்றுப் பார்க்கவேண்டும். பசியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒன்பது கேள்வி, 36 மதிப்பெண், பதில் எழுதுவது பெற்றோர். கடந்த இரண்டு வாரத்தில் சாப்பாடு மறுத்தபோது எவ்வளவு கலங்கினான், எத்தனை தடவை பேரம் பேசினான், குப்பையில் தேடினானா, ராத்திரி எழுந்து உணவைத் தேடினானா என்கிற மாதிரி. நான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அந்தக் கேள்விகளுக்கு என் மகனை வைத்துப் பதில் போட்டேன். அதே கேள்விகளுக்கு என் வீட்டுக்காரர் தனியாகப் போட்டார். இரண்டுக்கும் நடுவில் ஏழு மதிப்பெண் வித்தியாசம்! பகல் முழுக்க நான் பார்க்கிறேன், அவர் கடையடைத்து ஒன்பதரைக்கு வருகிறார், அவ்வளவுதான் காரணம். இப்போது கையில் ஒரு ஸ்பிரே பாட்டிலைக் கொடுத்து, 'இது மருந்தாகவும் இருக்கலாம்' என்று சொல்லி, பன்னிரண்டு வாரம் கழித்துக் கேட்டால் நான் என்ன எழுதுவேன்? கட்டாயம் குறைத்துத்தான் எழுதுவேன். ஆசை எழுதும். வெற்று மருந்து வாங்கிய பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இந்தச் சோதனைகளில் இறங்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன். எட்டு வாரம் அம்மா கவனமாக இருந்தாலே பிள்ளை கொஞ்சம் அடங்குவான், அதுவும் உண்டு.

இதைச் சொல்லும்போது அந்த 175 வீட்டையும் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். அவர்கள் போனதால்தான் எனக்குப் போகவேண்டிய தேவை இல்லாமல் போனது.

நாளைக்கே இதே மருந்துக் குடும்பத்தை வைத்து, அல்லது வேறு மருந்தை வைத்து, நம் ஊரில் ஒரு சோதனை வந்தால்? நான் கதவைச் சாத்த மாட்டேன், ஆனால் கேள்விகளோடு போவேன். இந்தியாவில் மருந்துச் சோதனை எதுவாக இருந்தாலும் சி.டி.ஆர்.ஐ. என்கிற தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்கவேண்டும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம், பதிவு எண் இல்லை என்றால் பேச்சே வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கவேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அவனுக்குப் புரிகிற மொழியில் சொல்லி அவன் சம்மதத்தையும் வாங்கவேண்டும், நம் கையெழுத்து மட்டும் போதாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கிறது. காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இதெல்லாம் காகிதத்தில் இருப்பது. காகிதத்தில் இல்லாததையும் கேட்கவேண்டும்: சென்னைக்கு எத்தனை தடவை வரவேண்டும்? மருந்து பலித்தால், சோதனை முடிந்த மறுநாள் அதை யார் தருவார்கள்?

சென்னைக்குப் போய்வருவது சின்ன விஷயமாகத் தோன்றும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். சாதாரணப் பிள்ளைக்கு அது ஜன்னலோர சந்தோஷம். எங்களுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு பரீட்சை. வடை வடை என்று குரல் கேட்டதும் இவன் உடம்பு விறைக்கும், கண் அந்தக் கூடையோடு கோச்சின் கடைசி வரைக்கும் போகும், எதிர்ப் பெர்த்தில் இருப்பவர் பொட்டலம் பிரிப்பார், நல்ல மனுஷன், "பிள்ளைக்கு ஒண்ணு குடுக்கட்டுமா" என்பார், நான் வேண்டாம் என்பேன், இவன் அழுவான், கோச்சே என்னைப் பார்க்கும். போன தடவை விருதுநகர் தாண்டுவதற்குள் மூன்று பேருக்கு வியாதியை விளக்கியிருந்தேன். சோதனை என்றால் இதை மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ செய்யவேண்டும். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்பிரே அடிக்க ஓர் ஆள் வேண்டும். அத்தனையும் செய்து, அவனுக்கு விழுவது வெற்று மருந்தாக இருக்கலாம்.

இன்னொன்று. போன வருஷம் ஓர் ஊரில் ஒருவர், சோதனை கீதனை எதுவும் வேண்டாம், ஆக்ஸிடோசின் ஸ்பிரே நானே தருகிறேன், ஒரு மாதத்தில் வித்தியாசம் பார்க்கலாம் என்றார். விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சத்தமில்லாமல் மேஜையில் நகர்த்தினார். பில் கிடையாது. டோஸ் என்ன என்று கேட்டதற்கு "பார்த்துக்கலாம்" என்றார். எழுந்து வந்துவிட்டோம். ஆனால் வாசல் தாண்டும்வரை என் கால் தயங்கியது உண்மை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்தது மாத்திரை. டயசாக்சைடு கோலின், தினம் ஒரு வேளை. பிராடர்-வில்லியின் பசிக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து, 2025 மார்ச்சில், நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இதன் கதையும் நேர்கோடு இல்லை. 127 பேரை வைத்து நடந்த 13 வாரச் சோதனையில் இதுவும் முக்கிய இலக்கைத் தொடவில்லை. அப்புறம் வேறு மாதிரி செய்தார்கள். ரொம்ப நாளாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 77 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றி 16 வாரம் பார்த்தார்கள். மாற்றப்பட்டவர்களுக்குப் பசி திரும்பி ஏறியது. விஞ்ஞானமாகப் பார்த்தால் தெளிவான விடை. தாயாகப் பார்த்தால், அடங்கியிருந்த பிள்ளைக்கு மறுபடி அது கிளம்பிய பதினாறு வாரத்தை நினைத்து எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மாத்திரைக்குப் பக்க விளைவு உண்டு: உடம்பில் முடி அதிகமாக முளைப்பது, நீர் கோர்த்து வீங்குவது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது. எங்கள் இரண்டு பக்கமும் சர்க்கரைக் குடும்பம், அதனால் மூன்றாவதுதான் எனக்கு உறுத்தல். வெளிநாட்டில் மட்டும் கிடைக்கும் மருந்தை நம் பிள்ளைக்காக வரவழைக்க, டாக்டர் சீட்டோடு படிவம் 12ஏ-வில் விண்ணப்பித்து அனுமதி வாங்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. வழி இருக்கிறது, சரி. அமெரிக்க விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: சர்க்கரை இறங்கிப்போகும் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழைய டயசாக்சைடும் இதுவும் ஒன்றுதானே, அதையே கொடுத்தால் என்ன என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். இது மெதுவாகக் கரையும்படி செய்த வேறு உப்பு, அளவும் வேறு.

எடை குறைக்கிற ஊசிகளைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், ஊரெல்லாம் அதுதானே பேச்சு. அதில் ஒன்றான லிராகுளுடைடைப் பிராடர்-வில்லிப் பிள்ளைகளிடம் சோதித்ததில் எடை அளவில் வெற்று மருந்தைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தவிர, அந்த ஊசிகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே மெதுவு. எங்கள் டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி வேறு ரகம். பசியை ஒன்றும் செய்யாது, அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கொழுப்பு குறைந்து தசை கூடும், உயரம் வரும், தெம்பு வரும். அமெரிக்காவில் 2000இலேயே இதற்கு அனுமதி. ஆரம்பிக்கும் முன் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கவேண்டும், டான்சில், முதுகெலும்பு வளைவு எல்லாம் பார்க்கவேண்டும். இந்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் பிராடர்-வில்லிக்கான வளர்ச்சி ஹார்மோன் பேர் சொல்லியே இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் சிறப்பு மையங்களில் ஒன்று. கையில் மெத்திலேஷன் பரிசோதனை (வியாதியை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை) ரிப்போர்ட் இருக்கவேண்டும். தினம் ராத்திரி ஊசி, மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும், ஆக அதுவும் எங்கள் பூட்டின ஃபிரிட்ஜுக்குள்தான். கரண்ட் போனால் ஐஸ் போட்ட பிளாஸ்கோடு ஓடுவது பெரியவளின் வேலையாக இருக்கும்.

கடைசியில் பூட்டு. எந்த மருந்துக்கும் இது மாற்று இல்லை, எந்த மருந்து வந்தாலும் இது போகப்போவதும் இல்லை. இரண்டும் இருக்கவேண்டும். ஸ்பிரே ஜெயித்திருந்தாலும் நான் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்திருக்க மாட்டேன்.

பூட்டு என்றால் கொடுமை என்று நினைத்தேன், ஆரம்பத்தில். தச்சாசாரி அடுப்படிக் கதவுக்குக் கொண்டி அடித்த அன்று நான் மச்சிலே போய் அழுதேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவன் சாயங்காலத்தில் படம் வரைந்துகொண்டிருந்தான். அதற்கு முன்னால் அந்த நேரமெல்லாம் அடுப்படி வாசலிலேயே நிற்பான், டின் மூடி திறக்கும் சத்தம் எந்த அறையிலிருந்தாலும் அவனுக்குக் கேட்கும். கிடைக்குமோ என்ற நப்பாசைதான் அவனை ஆட்டியிருக்கிறது. கிடைக்காது என்று உறுதியானதும், அதோடு அடுத்த சாப்பாடு எப்போது, என்ன என்பதும் உறுதியானதும், பாதி சண்டை அடங்கிவிட்டது. சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன்: காலை 7.45 இரண்டு இட்லி, சாம்பார். 10.30 வெள்ளரிக்காய். இப்படி. ஐந்து நிமிஷம் தாமதமானால் எனக்குத்தான் திட்டு.

கஷ்டம் வீட்டுக்கு வெளியேதான். நம் ஊரில் 'நல்லாயிருக்கியா'வுக்கு முன்னால் 'சாப்பிட்டியா' வரும். இவன் தெருவில் யாரைப் பார்த்தாலும் "இன்னும் சாப்பிடல ஆச்சி" என்பான், முகத்தை அப்படி வைத்துக்கொண்டு. உடனே ஒரு தட்டு வரும். மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு, கோயில் புளியோதரை, ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முழுக்க நீர்மோர், சுண்டல், யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை. "பிள்ள வயித்தக் காயப்போடுதா பாரு" என்று என் காதுபடப் பேசியவர்களும் பாசத்தில்தான் பேசினார்கள். தெருவில் பதினோரு வீடு, வீடு வீடாகப் போய் விளக்கினேன். எட்டு வீடு கேட்டது. பெரியவளும் பாவம், ஒரு பிஸ்கட் தின்ன மொட்டைமாடிக்குப் போகிற பிள்ளையாகிவிட்டாள். இந்த வியாதியை எழுதும்போது எல்லாரும் நோயாளிப் பிள்ளையை மட்டும் எழுதுகிறார்கள்.

எங்கள் முடிவு இதுதான். ஸ்பிரே இப்போதைக்கு வேண்டாம், சோதனையாக இருந்தாலும் சந்தில் விற்றாலும். வளர்ச்சி ஹார்மோனுக்குக் கொள்கை வழியாக விண்ணப்பத்தைப் போடுவது, அதற்காக ஜனவரியில் ஒரே ஒரு சென்னைப் பயணம், ஏசி கோச்சில் மேல் பெர்த், திரையை இழுத்துவிட்டு. மாத்திரையை இவனுக்குக் கொடுக்கலாமா என்று சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கேட்பது, விலை ஒரு நாள் இறங்கும்போது பேப்பர் எல்லாம் தயாராக இருக்கட்டும். உங்கள் பிள்ளை ஐந்து மாதக் குழந்தையாக இருந்தால், அல்லது வீட்டில் சர்க்கரை இல்லாமல் கையில் வசதி இருந்தால், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். பூட்டு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தம்பிக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரிக்கா, பொங்கலுக்கு வாரேன், சின்னவனுக்கு என்ன வாங்கிட்டு வர?" என்றான்.

ஐந்நூறு துண்டு ஜிக்சா ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அதில் இவன் புலி, நாங்கள் ஒரு வாரம் எடுப்பதை இரண்டு நாளில் முடித்துவிடுவான். "பெட்டியில சாப்பாட்டுப் படம் இல்லாததாப் பார்த்து வாங்குலே" என்றேன்.